பரங்கிமலையும் அதன் அடிவாரமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், நூம்பலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊர் வரலாறு என்னும் பொருள் பற்றி இன்று இவ்வவையில் சில கூறுமாறு நம் சங்கச் செயலாளர் அவர்கள் மறுத்தற்கியலாத அன்போடு எம்மைப் பணித்தார்கள். பள்ளியில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் எமக்கு வரலாறு அயற்றுறையே. எனினும், சொல்லை ஆராய்தல் எம் தொழில்; ஊர்ப்பெயரும் மலைப்பெயரும் சொற்களே. ஆதலின் அவ்வழியே புகுந்து பேசத் துணிந்தோம். குறையைத் தள்ளி நிறையைக் கொள்ளுதல் அவையோர் கடன்.

யாம் எடுத்துக்கொண்ட பொருள் பரங்கிமலை. நூம்பலிற் பேச வந்தவர் நூம்பலை விட்டு மலைக்குப் போவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். அதற்குக் காரணம் இரண்டு உள. பூந்தமல்லியிலிருந்து காட்டுப்பாக்கம், போரூர், நந்தம்பாக்கம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை அம்மலையின் அடியிற் போய்ச் சேர்கின்றது. அச்சாலையின் பெயரே பரங்கிமலை பூந்தமல்லி சாலை என்பது. நம் வீட்டுப் பிள்ளைகளிற் பலர் நாள்தோறும் அவ்வழியே வேலைக்குப் போய் மீள்கின்றனர். மலையைக் கண்டார் பலர். அதன் கதையை அறிந்தார் சிலர். இஃது ஒரு காரணம்.

மற்றொன்று, நம் சங்கத்தில் அண்மைக்காலமாக எழுந்துள்ள ஓர் ஆர்வம் பற்றியது. நம் குல வரலாற்றையும் நம் ஊர்களின் வரலாற்றையும் எழுதி அச்சிட வேண்டும் என்று அன்பர் பலர் கூறி வருகின்றனர். நல்ல ஆர்வமே. ஆனால் எழுதுகோலை எடுக்குமுன், வரலாற்றுக்குச் சான்று எவை, அவற்றை எடைபோடுவது எங்ஙனம் என்பவற்றைப் பழகிக்கொள்ளல் வேண்டும். அதற்கு ஏற்ற பயிற்சிக்களம் பரங்கிமலையே. கல்லும், சொல்லும், வழிவழிச் செய்தியும், எழுத்தாவணமும் ஆகிய நால்வகைச் சான்றும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகக் காண்பாம்.

முதலிற் கல். பரங்கிமலை பெரிய மலையன்று. ஏறத்தாழ 300 அடி உயரமே உடையது. நம் நாட்டு மலைகளின் வரிசையில் வைத்தால் குன்று என்றலே பொருந்தும். எனினும் சென்னை கடலோரச் சமநிலத்தில் அமைந்த துறைமுக நகரம் ஆதலின், சிறு குன்றும் நெடுந்தொலைவு தோன்றுகின்றது. இக்குன்றும் பல்லாவரத்துக் குன்றுகளும் ஒரே வகைப் பாறையால் ஆயவை. அப்பாறை கருநீல நிறமும் மிக்க வன்மையும் உடையது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்று நிலநூலார் கணிக்கின்றனர்.

இப்பாறைக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் சார்னோக்கைட்டு என்பதாகும். அப்பெயர் வந்த வரலாறு வியப்புடையது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராய் வங்காளத்திலிருந்த ஜாப் சார்னாக் என்பவரை, கல்கத்தா நகரை நிறுவியவர் என்று நெடுங்காலம் கூறி வந்தனர். அவர் கல்லறை கல்கத்தாவில் தூய யோவான் கோவில் வளாகத்தில் உள்ளது. அக்கல்லறைமேல் பதித்த கல் நம் சென்னைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து கொண்டு செல்லப்பட்ட கல். தாமஸ் ஹாலந்து என்னும் நிலநூல் அறிஞர் 1893-ஆம் ஆண்டில் அக்கல்லை ஆராய்ந்து, கல்லறைக்கு உரியவர் பெயரையே கல்லினத்துக்கும் சூட்டினார். நம் மண்ணிற் பிறந்த கல் வங்காளத்திற் கிடந்து, ஆங்கிலேயர் ஒருவர் பெயரால் உலக நூல்களில் ஏறிற்று. பரங்கிமலைப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையார் நாட்டின் நிலவியற் சின்னங்களுள் ஒன்றாக வைத்துள்ளனர். இக்கல்லின்மேல் நடந்து போகும் நம்மவருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்?

பல்லாவரத்தைக் கூறினோம். அதனை விட்டுப் பரங்கிமலையைக் கூறுதல் இயலாது. இரண்டும் ஒரு தொடரின. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலநூலார் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வழியிற் கிடந்த கல்தானே என்று அதனை எறிந்துவிடவில்லை. மனிதன் கைபட்டுச் செதுக்கிய கைக்கோடரி அஃது என்று உணர்ந்தார். உலோகத்தை அறியாத பழைய கற்கால மக்கள் நம் நாட்டில் வாழ்ந்தனர் என்பதற்கு அவர் கண்டெடுத்த அக்கல்லே முதற்சான்றாயிற்று. அப்பல்லாவரத்திலேயே, ஏழாம் நூற்றாண்டினனாகிய பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோவில் ஒன்று உளது. அவன் விருதுப்பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. அக்குகை இன்று முஸ்லிம் அன்பர்கள் வழிபடும் இடமாக விளங்குகின்றது. வழிபாடு மாறியும் எழுத்து அழிந்திலது. கல்லாகிய சான்றின் பெருமை இது: தன்னை வைத்திருப்பவர் யாவராயினும், தான் கூறுவதை மாற்றிக் கூறாது.

நிற்க. இனிச் சொல் என்னும் சான்றுக்கு வருவோம். பரங்கிமலை என்னும் பெயர்க்குக் காரணம் இருவகையாகக் கூறப்படுகின்றது. மலையடியில் ஆலந்தூர்ப் பக்கத்தில் நந்தீஸ்வரர் திருக்கோவில் உள்ளது. பிருங்கி முனிவர் இம்மலையில் தவஞ்செய்தார் என்றும், சிவபெருமான் அவர்க்கு நந்தி வடிவிற் காட்சி தந்தார் என்றும், பிருங்கிமலை என்பதே பரங்கிமலையாக மருவிற்று என்றும் அத்தலத்தார் கூறுவர். மற்றொரு சாரார், பரங்கியர் என்னும் போர்ச்சுகீசியர் குடியேறிக் கோவில் எடுத்த மலையாதலின் இது பரங்கிமலை ஆயிற்று என்பர்.

இவற்றுள் எது பொருந்தும்? சொல்லாராய்ச்சி வழியே சென்று காண்பாம். ஐரோப்பாவில் பிராங்கர் என்றொரு கூட்டத்தார் இருந்தனர். அவர் பெயரைக்கொண்டே அராபியரும் பாரசீகரும் மேலைநாட்டார் அனைவரையும் ஃபரங்கி, ஃபிரங்கி என வழங்கினர். அச்சொல் கடல்வழி வாணிகரோடு இந்நாட்டுக்கு வந்தது. தமிழிற் சொன்முதலில் மெய்ம்மயக்கம் வாராது. ஃபகர ஒலியும் நமக்கில்லை. ஆகவே அது பரங்கி என்றாயிற்று. பறங்கி என வல்லின றகரமிட்டு எழுதுவாரும் உளர். கடலூர்ப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையும், நம் அடுக்களையிற் கூட்டுச் சமைக்கும் பரங்கிக்காயும் இச்சொல் நமக்குள் எத்துணை ஆழமாகப் புகுந்தது என்பதைக் காட்டும். பிருங்கி என்பதோ, பிற சொற்களின் போக்கை நோக்குமிடத்து, பரங்கி எனத் திரிதல் எளிதன்று. ஆதலின், பெயர் போர்ச்சுகீசியராலேயே வந்தது என்பது எம் துணிபு.

ஆனால், சொல்லிலக்கணம் ஒன்றைத் தள்ளியது என்பதற்காகத் தலக்கதையை எள்ளி நகையாடுதல் கூடாது. பெயர்க்காரணம் கூறுமிடத்து அது வழுவலாம். பரங்கியர் வருமுன்னரும் இவ்வடிவாரத்தில் மக்கள் வாழ்ந்து மலையை வணங்கினர் என்னும் நினைவை அது காத்து நிற்கின்றது. ஒரு சான்று எந்த வினாவுக்கு விடை தரும், எந்த வினாவுக்குத் தராது என்று பகுத்தறிதலே ஆராய்ச்சி.

இனி மலைமேல் ஏறுவோம். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூர்க் கடற்கரையிற் சாந்தோமைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டனர். 1523-ஆம் ஆண்டில் இம்மலையுச்சியில் மாதாவுக்குக் கோவில் எடுத்தனர். 1547-ஆம் ஆண்டில் அங்கே அடிப்படை தோண்டுங்காற் சிலுவை செதுக்கிய பழங்கல் ஒன்று வெளிப்பட்டது. அதனைச் சுற்றி எழுத்துக்கள் உள்ளன. நெடுங்காலம் அவற்றைப் படிப்பாரில்லை. பின்னர், தென்னாட்டுப் பழைய எழுத்துக்களை ஆராய்ந்த பர்னல் என்னும் அறிஞர், அவை பாரசீக நாட்டுப் பாஹ்லவி எழுத்து என்று 1873-ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தினார். இத்தகைய சிலுவைகள் மலையாள நாட்டிலும் கோட்டயம் முதலிய இடங்களில் உள்ளன.

இயேசுநாதரின் மாணாக்கருள் ஒருவராகிய தோமையர் இந்நாடு போந்து, கி.பி. 72-ஆம் ஆண்டில் இம்மலையில் உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவ அன்பர்களின் வழிவழி வந்த நம்பிக்கை. அச்சிலுவையில் 1558-ஆம் ஆண்டு தொடங்கிப் பலமுறை குருதித்துளி அரும்பிற்று என்றும் அவர் கூறுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தென்னாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்தாரும் தோமையரின் கல்லறையைப் பற்றித் தம் நூலிற் குறித்துள்ளார். ஆகவே போர்ச்சுகீசியர் வருமுன்னரே அந்நம்பிக்கை இக்கரையில் நிலைபெற்றிருந்தது என்பது தெளிவு.

இங்கே நம்பிக்கையும் சான்றும் அருகருகே நிற்கின்றன. பாஹ்லவி எழுத்துச் சிலுவை தோமையர் காலத்ததன்று. அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. ஆனால் அது மற்றோர் உண்மையைக் காட்டுகின்றது. பாரசீகக் கிறிஸ்தவர்களோடு இக்கடற்கரைக்குத் தொடர்பு இருந்தது. கடலுக்கு அப்பாலுள்ள நாட்டாரின் எழுத்தும் வழிபாடும் நம் குன்றின் உச்சிவரை ஏறின. பக்தியோடு மலையேறுவார்க்குச் சிலுவை ஒன்றைத் தருகின்றது. வரலாறு தேடி ஏறுவார்க்கு மற்றொன்றைத் தருகின்றது. ஒன்றால் மற்றொன்று கெடுவதில்லை. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் இம்மலைக்கு வந்து வணங்கிச் சென்றதை முதியோர் பலர் நினைவு கூர்வர்.

மலையேறுதற்குப் படிகள் உண்டு. அப்படிகளை அமைத்தவர் பெட்ரஸ் ஊஸ்கன் என்னும் ஆர்மீனிய வணிகர். அவர் பாரசீகத்து ஜுல்பாவினர். வாணிகத்தின் பொருட்டுச் சென்னைக்கு வந்து இங்கேயே வாழ்ந்தவர். அக்காலத்தில் அடையாற்றில் வெள்ளம் வந்தால் மலைக்குச் செல்வோர் ஆற்றைக் கடக்க இயலாது தவித்தனர். ஊஸ்கன் 1726-ஆம் ஆண்டிற் சைதாப்பேட்டையருகே தம் பொருள்கொண்டு ஒரு பாலம் கட்டினார். அதற்கு 30,000 வராகன் செலவாயிற்று என்பர். பாலமும் படியும் பிற்காலத்திற் பழுதுறாது காக்கப்படுதற்பொருட்டுத் தனியே பொருள் ஒதுக்கியும் வைத்தார். அஃதன்றோ அறம்! கட்டுவோர் பலர், கட்டியது நிற்க வேண்டுமே என்று கவல்வோர் சிலர்.

அப்பாலத்துக்கு ஆங்கிலேயர் மர்மலாங் பாலம் என்று பெயர் வழங்கினர். அஃது என்ன மொழி என்று மயங்க வேண்டா. நம் மாம்பலமே அவர் நாவில் மர்மலாங் ஆயிற்று! நாம் பிராங்கைப் பரங்கி ஆக்கினோம். அவர் மாம்பலத்தை மர்மலாங் ஆக்கினார். கணக்கு நேராயிற்று. பழம்பாலம் 1966-ஆம் ஆண்டிற் புதுப்பாலத்துக்கு இடம் விட்டது. புதியது மறைமலையடிகள் பாலம் எனப் பெயர் பெற்றது. ஊஸ்கனின் கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டையிற் சாலையோரத்தில், வண்டிகளின் இரைச்சலுக்கும் புழுதிக்கும் நடுவே நிற்கின்றது. 1751-ஆம் ஆண்டில் ஊஸ்கன் சென்னையிற் காலமானார். அவர் உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் விருப்பப்படி இதயம் மட்டும் பேழையில் வைத்து ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது என்பர். உடல் வாழ்ந்த ஊருக்கு. உள்ளம் பிறந்த ஊருக்கு.

நிற்க. இம்மலையடி போர்க்களமும் ஆயிற்று. 1758-ஆம் ஆண்டு டிசம்பரிற் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டைக்கு வெளியே நின்று முற்றுகையாளரை அலைத்த ஆங்கிலப்படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் 1759-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இம்மலையருகே கடும்போர் நிகழ்ந்தது. கல்லியாட் என்னும் ஆங்கிலத் தளபதியோடு நம் நாட்டு வீரர் யூசுப்கானும் அங்கே பொருதார். மருதநாயகம் என மக்கள் போற்றுபவர் அவரே. அவரை ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாபும் 1764-ஆம் ஆண்டில் மதுரையில் தூக்கிலிட்டனர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

1769-ஆம் ஆண்டில் மைசூர் ஐதர் அலி, எதிர்த்த ஆங்கிலப்படையை எங்கோ அலையவிட்டுத் தான் குதிரைப்படையோடு விரைந்து இம்மலைப் பக்கத்தில் வந்து தோன்றினான். கோட்டையிலிருந்த கம்பெனியார் அஞ்சித் தூது விடுத்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பதினோராண்டு கழித்து, 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஹெக்டர் மன்றோ என்னும் தளபதி இம்மலையடியிற் சேனையைத் திரட்டிக் காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டான். அவனோடு வந்து சேரவேண்டிய பெய்லியின் படையைச் செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூரில் ஐதரும் திப்புவும் அழித்தனர்.

இத்துணைப் போர்களைக் கண்டபின் கம்பெனியார் இம்மலையடியை விட்டுவைப்பாரா? சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இதனை ஆக்கினர். தண்டு என்று நம்மவர் கூறும் இராணுவக் குடியிருப்பு எழுந்தது. வீரர் குடியிருப்பும், அலுவலர் மாளிகைகளும், ஆங்கிலக் கோவிலும், கல்லறைத் தோட்டமும், கடைத்தெருவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோட்டையிலிருந்து மலைநோக்கிச் செல்லும் சாலை மவுண்ட் ரோடு ஆயிற்று. இன்று அதுவே அண்ணா சாலை. மாநகரின் தலையாய சாலைக்கு ஒரு சிறு குன்று பெயர் தந்திருந்தது என்பதை இன்றைய இளைஞர் மறந்துவிடல் ஆகாது.

படையிருந்தால் அதற்குப் பணி செய்வோரும் இருத்தல் வேண்டும். சமைப்போர், துணி வெளுப்போர், தோல் தைப்போர், தச்சர், கொல்லர், வண்டியோட்டுவோர், குதிரைக்குப் புல்லறுத்துச் சுமந்து வருவோர் எனப் பல தொழிலாளர் மலையடியிற் குடியேறினர். ஐரோப்பியத் தந்தைக்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்த வழியினராகிய ஆங்கிலோ இந்தியர் பலர் இங்கே தெருத்தெருவாக வாழ்ந்தனர். அவருட் பலர் பின்னர் இருப்புப்பாதைத் தொழிலிற் சேர்ந்தனர். தமிழும் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே கடைத்தெருவில் ஒலித்தன. பரங்கிமலையின் உண்மையான வரலாறு மலையுச்சியில் மட்டும் இல்லை. இவ்வடிவாரத் தெருக்களிலும் உண்டு.

இனி, இம்மலைக்கு உலகப்புகழ் தந்த ஒரு செயலைக் கூறுவோம். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் அலுவலர் பரங்கிமலைக்கருகே நிலத்தை அளக்கத் தொடங்கினார். இந்திய நாட்டையே முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும்பணிக்கு அதுவே அடிக்கோடு. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் கணிதம். அந்த முதற்பக்கத்தை மட்டும் நிலத்தில் நேரே அளந்தாக வேண்டும். அதிற் சிறிது பிழைத்தால் நாடு முழுதும் பிழைக்கும்.

ஆதலின் லாம்டன் கொண்ட கருவியும் முறையும் கேட்கத் தக்கவை. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணி 40 உடையது. இலண்டனிற் செய்த அச்சங்கிலி சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகச் சென்று, ஏற்கப்படாமல் கல்கத்தாவுக்கு வந்து, பின் இங்கே வந்தது. வெயிலில் எஃகு நீளும், நிழலிற் சுருங்கும். ஆகவே சங்கிலியை மரத்தொட்டிகளிற் கிடத்தி, முக்காலிகள்மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு 100 அடியாக அளந்தனர். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏழரை மைல். ஏறத்தாழ 400 முறை அச்சங்கிலியைத் தூக்கித் தூக்கி வைத்து, 57 நாளில் அளந்து முடித்தனர். அவ்வடிக்கோட்டின்மேல் எழுந்த முக்கோணங்கள் தெற்கே குமரியையும் வடக்கே இமயத்தையும் தொட்டன. 1856-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. அக்கணக்கைப் போட்டவருள் தலையாயவர் வங்காளத்து இராதாநாத் சிக்தார். இமயத்தின் உயரத்தை அறிவதற்கு வித்து, 300 அடிக் குன்றின் அருகே இடப்பட்டது! லாம்டனின் மார்பளவுச் சிலை இன்று மலைமேல் உளது.

அன்பர்களே! இவ்விடத்தில் ஒன்று கூற விரும்புகின்றோம். லாம்டன் பெயரை உலகம் அறியும். சங்கிலி செய்த ராம்ஸ்டன் பெயரும் நூல்களில் உண்டு. சித்திரை வெயிலில், சுடுமணலில் நின்று, அச்சங்கிலியை 400 முறை தூக்கி வைத்த நம் நாட்டுக் கைகளுக்கு உரியவர் யார்? ஊஸ்கன் பொருள் தந்தார். படிக்கல்லை உடைத்துச் சுமந்து மலையேற்றியவர் யார்? அவர் பெயர் கல்லிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. அவர் நம் மூதாதையராயும் இருக்கலாம். நம் அண்டை அயலாரின் மூதாதையராயும் இருக்கலாம். இவ்வெற்றிடத்தைக் காணும்போது நமக்கு இரண்டு வழிகள் தோன்றும். வெற்றிடத்தைப் பொய்யால் நிரப்புதல் ஒன்று. இனியேனும் வெற்றிடம் நேராதபடி இன்றுள்ளதைக் குறித்து வைத்தல் மற்றொன்று.

இதற்கு முன் இக்காலத்துப் பரங்கிமலையையும் சில சொற்களிற் கூறி முடித்துவிடுகின்றோம். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. மலையடி நகரின் பகுதியாயிற்று. 1963-ஆம் ஆண்டில் பழைய தண்டுநிலத்தில் இராணுவ அலுவலர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1988 முதல் அது பயிற்சிக்கழகம் என விளங்குகின்றது. 1967, 1971 ஆகிய இரு தேர்தல்களிலும் எம்.ஜி. இராமச்சந்திரன் அவர்கள் பரங்கிமலைத் தொகுதியினின்று சட்டசபைக்குச் சென்றார்கள். 2016-ஆம் ஆண்டில் மெட்ரோ ரயிலும் மலையடிக்கு வந்தது.

இவை யாவற்றினும் எம் உள்ளங் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில், மலையடியிலுள்ள ஆலந்தூர் நகராட்சியிற் பாதாளச் சாக்கடை இல்லை. நகராட்சியார் திட்டம் வகுத்து மக்களிடம் சென்றனர். வீட்டுக்கு 5,000 ரூபாயும் வணிக நிலையங்களுக்கு 10,000 ரூபாயும் முன்பணமாக மக்களே கொடுத்தனர். திட்டம் நிறைவேறிற்று, பிற மாநிலத்தாரும் வந்து பார்த்துப் போயினர். 2011-ஆம் ஆண்டில் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. போரும் உடன்படிக்கையும் போல இஃது ஒரு பெரிய செய்தியா என்று கேட்பார் உளர். ஆம், பெரிய செய்தியே. ஐதர் வந்தது ஒரு மாதம். சாக்கடையோ நாள்தோறும் வேண்டுவது. குலமும் சமயமும் பாராது ஒரு தெருவார் அனைவரும் ஒரு செயலுக்குக் கை கொடுத்தனர் என்பதைவிட ஊர் வரலாற்றில் எழுதத்தக்கது யாது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் குல வரலாற்றை எழுத விரும்பும் அன்பர்கட்கு யாம் பணிவோடும், ஆனால் ஒளிவின்றியும் கூறுவது இது. முன்னோர் அரசராய் இருந்தனர், இன்ன கோவிலைக் கட்டினர், இன்ன ஏரியை வெட்டினர் என்று சான்றின்றி எழுதுதல் முன்னோர்க்குச் செய்யும் சிறப்பன்று. வேறொருவர் செய்த அறத்தை நம்மதென்று எழுதினால் அது களவு. எவரும் செய்யாததைச் செய்ததாக எழுதினால் அது பொய். களவாலும் பொய்யாலும் ஒரு குலம் உயர்ந்ததில்லை. பரங்கிமலையைப் பாருங்கள்: பல்லவன், பாரசீகன், போர்ச்சுகீசியன், ஆர்மீனியன், ஆங்கிலேயன், இந்நாட்டுத் தொழிலாளி என எல்லாரும் சேர்ந்தன்றோ அவ்வடிவாரம் ஆயிற்று! இது முழுதும் எமதே என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. எமக்கு இதிற் பங்கில்லை என்று கூறவும் எவரும் வேண்டியதில்லை. ஊஸ்கன் என்ன குலம் என்று படியேறுவோர் கேட்பதில்லை. படி இருக்கின்றதா என்றே பார்க்கின்றனர்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை எவை? நூம்பலைச் சுற்றியுள்ள வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறி வருவதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். ஒவ்வொரு வயலுக்கும், மேட்டுக்கும், கால்வாய்க்கும், கிணற்றுக்கும் நம் பாட்டன்மார் பெயரிட்டு வழங்கினர். மனை பிரித்த அன்றே அப்பெயர் போய், ஏதேனும் ஒரு நகர் என்று பலகை எழுகின்றது. மாம்பலம் மர்மலாங் ஆனாலும் உருத்தெரிந்தது. மனைப்பலகையில் மறைந்த வயற்பெயரோ உருத்தெரியாது போம். வயற்பெயர்களை அறிந்த முதியோர் இன்று நம்மிடையே உள்ளனர். அவர் உள்ளபோதே கேட்டு எழுதுதல் வேண்டும். சிறப்பாக, நாற்று நட்டும் களையெடுத்தும் அவ்வயல்களில் வாழ்நாளைக் கழித்த மூதாட்டியர் நினைவில் ஆடவர் அறியாத பெயர்கள் பல இருக்கும். அவரை எவரும் கேட்பதில்லை.

இரண்டாவதாக, பழைய பத்திரம், பட்டா, ஓலை, பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பு, நிழற்படம் முதலியன பரண்மேற் கறையானுக்கு இரையாகாதபடி காத்தல் வேண்டும். படத்தின் பின்புறத்தில் இன்னார், இன்ன ஆண்டு என்று எழுதி வைத்தால் போதும்; அஃது ஆவணமாகிவிடும். மூன்றாவதாக, கோவிற் சுவரிலோ படியிலோ எழுத்துள்ள கல் இருப்பின், திருப்பணி என்னும் பெயரால் அதன்மேல் சுண்ணமும் வண்ணமும் பூசவிடாது தடுத்தல் வேண்டும். நான்காவதாக, நம் குலத்தார் மட்டுமன்றி ஊரில் வாழும் எல்லாக் குலத்தாரின் செய்தியையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். ஒரு தெருவை மட்டும் எழுதினால் அஃது ஊர் வரலாறு ஆகாது.

சங்கத்தின் சார்பில் ஒரு குறிப்பேடு வைத்து, பள்ளி மாணவர் நால்வரை இப்பணிக்கு ஏவலாம். ஒரு முறை அவர்களைப் பரங்கிமலைக்கும், சைதாப்பேட்டைக் கல்வெட்டுக்கும், பல்லாவரத்துக் குகைக்கும் அழைத்துச் சென்று காட்டுதலும் நன்று. கண்ணாற் கண்ட கல் உள்ளத்தில் நிற்கும். பெரும்பொருள் வேண்டா, எழுதுகோலும் பொறுமையும் இருந்தாற் போதும். லாம்டனின் சங்கிலி 100 அடியே. அதனைத் திரும்பத் திரும்ப வைத்தே இமயம் வரை அளந்தனர். நாமும் ஒரு வீடாக, ஒரு வயலாக, ஒரு பெயராகக் குறித்து வருவோமாயின், பத்தாண்டில் நூம்பலுக்குப் பொய்யற்ற ஒரு வரலாறு உருவாகும். அதனைப் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் நம்மை நம்புவர்.